ஒரு கைப்பை, ஒரு கவுன், 72 நாள்: நெல்லி பிளை கட்டிய மூட்டை

உலகத்தை 80 நாளுக்குள் சுற்றி வருகிறேன், என்னை அனுப்புங்கள் என்று நெல்லி பிளை கேட்டபோது, நியூயார்க்கின் 'தி வேர்ல்ட்' நாளிதழ் நிர்வாகம் இரண்டு தடை சொன்னது. பெண் ஒருத்தி துணை இல்லாமல் அவ்வளவு தூரம் போக முடியாது என்பது முதல் தடை. அப்படியே போனாலும் அவளுக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வேண்டும், அதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் ஓடிக் கப்பலும் ரயிலும் மாறுவது நடக்காது என்பது இரண்டாவது. ஆண் ஒருவரால்தான் இது முடியும் என்று முடித்துவிட்டார்கள். "சரி, அந்த ஆளை அனுப்புங்கள். அதே நாளில் வேறொரு பத்திரிகைக்காக நான் கிளம்பி அவரை முந்துகிறேன்" என்றார் பிளை. பேச்சு அத்தோடு நின்றது. ஏறத்தாழ ஓர் ஆண்டு அப்படியே போனது.

பயணத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். பெட்டியின் எடையைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் வேலையையே மறுத்தார்கள். அதனால் அவர் பையைச் சுருக்கியதில் வசதி மட்டும் இல்லை, அந்த மறுப்புக்கான பதிலும் இருந்தது. அவர் என்ன எடுத்தார், என்ன விட்டார், எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை அவரே எழுதி வைத்திருப்பதால் இன்றைக்கும் உட்கார்ந்து ஆராய முடிகிறது.

எலிசபெத் காக்ரன் என்பது அவருடைய இயற்பெயர். பிறந்தது 1864இல். 1887இல் மனநோயாளியாக நடித்து நியூயார்க்கின் மனநலக் காப்பகத்துக்குள் போய், அங்கே நடந்த கொடுமைகளை வெளியே கொண்டுவந்ததில் ஊரறிந்த பெயரானார். 1889 நவம்பரில் ஒரு மழை நாள் மாலையில் ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நாளை மறுநாள் உலகம் சுற்றக் கிளம்ப முடியுமா என்று கேட்டார். இந்த நிமிடமே கிளம்புவேன் என்பது பிளையின் பதில்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தையற்காரரிடம் போனார். மூன்று மாதம் விடாமல் போட்டாலும் தாங்கும் கவுன் ஒன்று இன்றைக்கு மாலைக்குள் வேண்டும் என்றார். தையற்காரர் நீல நிறக் கெட்டித் துணியையும், ஒட்டக ரோமம் கலந்த கட்டம் போட்ட துணியையும் தேர்ந்தெடுத்தார். மதியம் 1 மணிக்கு முதல் அளவு, மாலை 5 மணிக்கு இரண்டாவது அளவு, அன்றைக்கே கவுன் கைக்கு வந்துவிட்டது. சூடான ஊர்களுக்கென்று லேசான இன்னொரு கவுனையும் வேறொருவரிடம் தைக்கக் கொடுத்திருந்தார். கையோடு ஒரு கம்பளிக் கோட்டும், ஒரே ஒரு கைப்பையும் வாங்கினார். அந்தப் பைக்குள் அடங்குவது மட்டும்தான் சாமான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நம்மில் பெரும்பாலானோர் தேவையானதையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, இது கொள்ளும் பெட்டி எங்கே என்று பரணில் தேடுவோம். பிளை பையை முதலில் முடிவு செய்தார். அகலம் 16 அங்குலம், உயரம் 7 அங்குலம். சென்டிமீட்டரில் சொன்னால் சுமார் 40க்கு 18. இன்றைய விமானத்தில் முன்னிருக்கைக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய அளவு.

அதற்குள் போனவை: இரண்டு பயணத் தொப்பி, மூன்று முகத்திரை, அறைக்குள் போட ஒரு ஜோடிச் செருப்பு, சீப்பு சோப்பு வகையறா, மைக்கூடு, பேனா, பென்சில், எழுதுதாள், குண்டூசி, ஊசி நூல், ஓர் இரவு அங்கி, ஒரு டென்னிஸ் பிளேசர், சின்னக் குடுவை, தண்ணீர் குடிக்கக் கோப்பை, உள்ளாடையில் பல மாற்று, கைக்குட்டைகள் நிறைய. அப்புறம் சருமத்தில் பூசும் கோல்ட் கிரீம் ஒரு ஜாடி. இரண்டாவது கவுனுக்கு இடமில்லை. அதைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரே கவுனோடு உலகம் சுற்றலாம். பொட்டலம் சுமப்பதே தனக்குப் பிடிக்காது என்று சொல்லிக் கவுனை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகப் போன கோடையில் போட்ட பழைய பட்டு மேல்சட்டை ஒன்றைக் கசக்கித் திணித்து உள்ளே ஏற்றினார். வாழ்க்கையிலேயே கடினமான வேலை அந்தப் பையை அடுக்கியதுதான் என்று எழுதியிருக்கிறார்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது எழுதுபொருளும் ஊசி நூலும். இரண்டாவது கவுனுக்கு இடமில்லாத பையில் மைக்கூட்டுக்கு இடமிருந்தது. அவர் போவதே எழுதத்தான், கப்பலில் நடு ராத்திரி மை தீர்ந்தால் எந்தக் கடைக்குப் போவது? ஒரே கவுனை நம்பிப் போகிறவருக்கு ஊசி நூல்தான் இரண்டாவது கவுன். கிழிந்தால் தைக்கலாம். மாற்று எடுப்பதைவிடச் சரிசெய்யும் கருவியை எடுத்தால் இடம் மிச்சமாகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

பையில் இல்லாதவை

அவருடைய முன்னேற்பாட்டில் பெரும்பகுதி பைக்குள் இல்லை. இதைத்தான் இந்த நிகழ்வில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கையில் 200 பவுண்டு பணம் இருந்தது, ஆங்கிலத் தங்க நாணயமாகவும் இங்கிலாந்து வங்கி நோட்டாகவும். தங்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நோட்டுகளை மெல்லிய தோல்பையில் வைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். அமெரிக்கப் பணம் வெளியே செல்லுமா என்று பார்க்கக் கொஞ்சம் டாலரும் எடுத்துக்கொண்டார். கடிகாரம் உடம்பில், கோட்டு உடம்பில். ஆக, கைப்பை கடலில் விழுந்தாலும் பயணம் நிற்காது. தொலைந்தால் திரும்ப வாங்கக்கூடியது பையில், தொலையவே கூடாதது மேலே. நம் ஊரில் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு திருவிழாவுக்குப் போவதும் இதே புத்திதான்.

அடுத்தது பயணச்சீட்டு. முழுப் பயணத்துக்கும் நியூயார்க்கிலேயே சீட்டு வாங்கியிருக்கலாம். வழியில் பாதை மாறலாம் என்று யோசித்து லண்டன் வரைக்கும்தான் வாங்கினார். அது சரியான முடிவாக இருந்தது. கிளம்புகிற நேரத்தில்கூட யாரிடமும் தெளிவான அட்டவணை இல்லை. இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்துக்குப் போன பிறகுதான், ஏற வேண்டிய 'விக்டோரியா' ஆஸ்திரேலியா போகும் கப்பல் என்பதே அவருக்குத் தெரிந்தது. கொழும்பில் இறங்கிச் சீனா போகும் கப்பலுக்கு மாற வேண்டியதாயிற்று.

கடவுச்சீட்டு மட்டும் கைப்பையின் அடியில் இருந்தது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் ஜி. பிளெய்ன் கையொப்பமிட்ட 247ஆம் எண் சிறப்புச் சீட்டு. அதோடு ஒரு கைத்துப்பாக்கியும் வைத்துக்கொள் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்றார். நான் உலகத்தைப் பார்க்கிற விதத்தில்தான் உலகம் என்னைப் பார்க்கும் என்பது அவர் நம்பிக்கை. தனியாகப் பயணம் போகும் எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பதிலை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் பயத்துக்காக எடுக்கும் பொருள்தான் பெட்டியில் அதிக எடை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

பை பட்ட சோதனை

1889 நவம்பர் 14 காலை 9.40க்கு ஹோபோக்கன் துறையிலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' கிளம்பியது. சவுத்தாம்ப்டன் வந்ததும் தூக்கம்கூட இல்லாமல் லண்டன், அங்கிருந்து பிரான்சின் அமியான் நகரத்துக்கு ஒரு சுற்று. 80 நாளில் உலகம் சுற்றும் கதையை எழுதிய ஜூல் வெர்ன் அங்கே பார்க்க வரச் சொல்லியிருந்தார். 1873இல் புத்தகமாக வந்த அந்தக் கதையின் நாயகனும் பெட்டி வேண்டாம், ஒரு துணிப்பையும் இரண்டு சட்டையும் போதும், மற்றதை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் புறப்படுவான். ஆனால் அந்தத் துணிப்பைக்குள் 20,000 பவுண்டு பணம் இருக்கும். கதையிலும் சரி, நிஜத்திலும் சரி, லேசான பைக்குப் பக்கத்தில் பணம் நிற்கிறது. அதை மறைத்துவிட்டு 'குறைவாக எடுங்கள்' என்று உபதேசம் செய்வது நியாயமில்லை.

பிரிண்டிசிக்குப் போகும் தபால் ரயிலில் முதல் சோதனை வந்தது. இரவில் கடும் குளிர், கொடுத்ததோ ஒரே ஒரு கம்பளி. போன வாரம் அதே ரயிலைக் கொள்ளைக்காரர்கள் தாக்கியிருந்தார்கள். அவர்களால் பயணிகளுக்கு ரத்தமாவது சூடாகியிருக்கும் என்று பொறாமையாக இருந்தது என எழுதும் அளவுக்கு நடுங்கிக்கொண்டு கிடந்தார். இங்கே அவருடைய கணக்கு தவறிவிட்டது என்றே சொல்வேன். கடல் பயணத்துக்கும் வெயிலுக்கும் யோசித்த அளவுக்கு ஐரோப்பாவின் நவம்பர் இரவை அவர் யோசிக்கவில்லை.

ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் பிரிண்டிசி சேர்ந்தது. கப்பல் இன்னும் கிளம்பவில்லை. நியூயார்க்குக்குத் தந்தி அடிக்க வேண்டும். ரயில் காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். தந்தி அலுவலகத்தில் இருந்தவர், நியூயார்க் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார். விளக்கிச் சொல்லித் தந்தி அடித்து முடிப்பதற்குள் கப்பல் சங்கு ஊதும் சத்தம். ஓட முடியுமா என்று காவலர் கேட்க, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டுத் தெருக்களில் ஓடினார்கள். துறைக்கு வந்து பார்த்தால், போனது வேறு கப்பல், விக்டோரியா அங்கேயே நின்றது. தபால் ரயிலில் வந்த பெண் அந்த ராத்திரியில் ஐந்தாறு பெட்டிக்குக் கூலியாள் தேடிக்கொண்டிருந்தால், தந்தியை விட்டிருப்பார், இல்லை கப்பலைப் பற்றிக் கவலைப்பட்டே செத்திருப்பார்.

சூயஸைத் தாண்டியதும் வெயில். எல்லோரும் மெல்லிய வெள்ளை உடைக்கு மாறியபோது, கெட்டிக் கவுனில் வெந்துகொண்டிருந்த பிளைக்கு அந்தப் பழைய பட்டு மேல்சட்டைதான் கைகொடுத்தது. கடைசி நிமிடத்தில் கசக்கித் திணித்த ஒரே துணி, பையிலேயே மிகச் சரியான தேர்வு. முழு உடைக்குப் பதில் அரை உடை. கீழ்ப்பாவாடை அதே, மேலே மட்டும் மாற்று. இன்றைக்கு ஒரு பேன்ட்டுக்கு மூன்று சட்டை என்று எடுக்கிறோமே, அந்த வழக்கம்தான்.

கப்பலில் ஒரு வதந்தி. இவர் பித்துப்பிடித்த அமெரிக்கப் பணக்காரி, தலைச் சீப்பும் வங்கிப் புத்தகமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அதை நம்பிக் கல்யாணப் பேச்சுகூட எடுத்தார்கள். அதில் ஓர் இளைஞர், எண்ணற்ற பெட்டிகள் இல்லாமல் பயணம் செய்யும் பெண் கிடைத்தால்தான் கல்யாணம் என்று இத்தனை நாள் காத்திருந்ததாகச் சொன்னார். அவர் ஒரு நாளைக்கு மூன்று முறை உடை மாற்றுவதைப் பார்த்திருந்த பிளை, உங்களிடம் எத்தனை பெட்டி என்று கேட்டார். பத்தொன்பது என்றார் அவர். பெண் என்றாலே பெட்டிதான் என்று நியூயார்க்கில் சொன்னவர்கள் இந்தப் பதிலைக் கேட்டிருக்க வேண்டும்.

கோல்ட் கிரீம் ஜாடி வழி நெடுகத் தொல்லை. வைக்கிற இடமெல்லாம் அதுவே பெரிதாகிக்கொண்டு வந்தது, பையை மூட முடியாமல் தடுத்தது என்று சலித்துக்கொள்கிறார். கண்ணாடி ஜாடி மடங்காது, கசங்காது, பாதி தீர்ந்த பிறகும் அதே இடத்தை அடைக்கும். அதே கிரீமைச் சின்ன டப்பாவில் மாற்றி எடுத்திருந்தால் கூடுதலாக ஒரு கம்பளிச் சால்வைக்கு இடம் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. பல விமான நிலையங்களில் கைப்பைத் திரவங்களுக்கு உள்ள 100 மில்லி விதி இந்தப் பாடத்தை நமக்குக் கட்டாயமாகவே சொல்லிக் கொடுத்துவிட்டது.

பையில் ஒன்று இல்லையே என்று அவர் வருந்தியது ஒரே ஒரு முறை. ஹாங்காங்கில் அதிகாரிகள் தரப்பு விருந்து ஒன்றுக்கு அழைப்பு வந்தது. போட்டுக்கொண்டு போக மாலை உடை இல்லை. போகவில்லை. பெட்டிகளைக் கட்டி மேய்க்கும் கவலை இல்லாமல் இருந்ததோடு ஒப்பிட்டால் அந்த விருந்து பெரிய இழப்பே இல்லை என்று கணக்குப் போட்டுவிட்டார். எதை இழக்கச் சம்மதம் என்பதை முன்னாலேயே தீர்மானித்தவருக்கு மட்டும்தான் அந்த நிம்மதி கிடைக்கும்.

சிங்கப்பூரில் மட்டும் மனம் தளர்ந்தார். ஒரு குரங்கு வாங்கினார். அதையும் கூடவே கொண்டுபோனார்.

இன்னொரு பெண், இன்னொரு மூட்டை

பிளைக்குப் போட்டியாக இன்னொருவர் கிளம்பியது ஹாங்காங் போகும் வரை அவருக்குத் தெரியாது. 'காஸ்மோபாலிட்டன்' இதழ், தன் எழுத்தாளர் எலிசபெத் பிஸ்லண்டை அதே நவம்பர் 14 அன்று, சில மணி நேர அவகாசத்தில், எதிர்த்திசையில் மேற்கு நோக்கி அனுப்பியிருந்தது. அவர் கப்பல் பெட்டி ஒன்று, பெரிய தோல்பை ஒன்று, வாரில் கட்டிய சால்வைச் சுருள் ஒன்று என மூன்று உருப்படி எடுத்துப் போனார். பிளையைவிட அதிகம்தான், ஆனாலும் அக்காலத்துச் சீமாட்டிகளோடு ஒப்பிட்டால் அதுவும் சின்ன மூட்டை.

பிளை 1890 ஜனவரி 25 அன்று ஜெர்சி சிட்டி வந்து சேர்ந்தார். 72 நாள், 6 மணி நேரம், 11 நிமிடம். பிஸ்லண்ட் ஜனவரி 30 அன்று, 76 நாளில். நாலு நாள் வித்தியாசத்தை உடனே பெட்டியின் தலையில் கட்டிவிடத் தோன்றும். அது தவறு. பிஸ்லண்ட் ஐரோப்பாவுக்குள் வந்தபோது கப்பல் பற்றித் தவறான தகவல் கிடைத்து, வேகக் கப்பலைத் தவறவிட்டு, அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் 'பாத்னியா' என்ற மெதுவான கப்பலில் ஏற வேண்டியதாயிற்று. பிளைக்கோ கடைசிக் கட்டத்தில் பத்திரிகை தனி ரயிலே ஏற்பாடு செய்திருந்தது. சியரா மலையில் பனி அடைத்திருந்ததால் தெற்கே சுற்றி, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோவுக்கு 69 மணி நேரத்தில் கொண்டுவந்தார்கள். வெற்றியைத் தீர்மானித்தது தகவலும் ரயிலும். கைப்பை செய்தது வேறு வேலை. எந்த இடத்திலும் அதனால் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. கொழும்பில் ஐந்து நாள் தாமதம் ஆனது, ஆனால் அது 'நேபால்' என்ற கப்பலுக்காகக் காத்திருந்த தாமதம். அந்த மாதிரித் தாமதத்தைத் தாங்கப் பையில் எதையும் எடுத்துப் போக முடியாது, நாட்கணக்கில்தான் இடம் விட வேண்டும். 75 நாள் என்று திட்டம் போட்டிருந்ததால் தாங்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஏடன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், எல்லாம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த துறைமுகங்கள். எங்கும் ஒரே தங்க நாணயம் செல்லும், ஒரே மொழி போதும். அமெரிக்கத் தங்கக் காசுக்குக் கொழும்பில் கிடைத்த மதிப்பு நகையாகத்தான். பிளையின் பை லேசாக இருந்ததற்கு அந்தப் பேரரசின் கட்டமைப்பும் ஒரு காரணம். அதே ஆண்டுகளில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்கள் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் ஒரு மூட்டைதான். திரும்பிவரும் நாள் தெரியாமல், கடனோடு போனவர்கள். அவர்களுக்கு அது தேர்ந்தெடுத்த எளிமை இல்லை. ஒரே துறைமுகத்தில் இறங்கிய இந்த இரண்டு மூட்டைகளையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பையில்

சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரியில் காசிக்குப் போனபோது, இரண்டு பெரிய பெட்டியோடு மேம்பாலப் படியேறி நடைமேடை மாறுவதற்குள் இணைப்பு ரயில் போய்விட்டது. அம்மாவும் கூட இருந்தார். குளிரில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகுதான் பிளையின் பட்டியலை உட்கார்ந்து படித்து, அவர் முறையை எனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன்.

இப்போது பையை முதலில் எடுத்து வைக்கிறேன். உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோகும் 7 கிலோதான் வரம்பு, ரயிலுக்கும் அதே வரம்பை வைத்துக்கொண்டேன். தினமும் சாப்பிடும் மாத்திரை, கண்ணாடி, சார்ஜர் மூன்றும் பிளையின் மைக்கூடு மாதிரி, எது போனாலும் இவை போகக் கூடாது. மாத்திரையில் மூன்று நாளுக்கு உரியது தோளில் மாட்டும் சின்னப் பையில் தனியாக. பணம் இரண்டு இடத்தில். போனில் காசு இருக்கிறது என்று நம்பிப் போய், சிக்னல் இல்லாத ஊரில் டீக்கடையில் முழித்த பிறகு சில ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் எப்போதும் உடம்போடு. மூன்று சட்டை, இரண்டு கீழாடை, ஒரு கதர்த் துண்டு. துண்டு போர்வையாகும், திரையாகும், தலையணையாகும், அரை நாளில் காய்ந்தும் விடும். ஊசி நூல் உண்டு. குளிர் ஊருக்கென்றால் சால்வையைப் பைக்குள் வைக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். பிரிண்டிசி ரயிலில் அவர் நடுங்கியது இன்னும் மறக்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அவர் கேட்கும் வெந்நீர்ப் பையும் தலையணையும் வரும். அதை நான் தூக்குகிறேன்.

கடைசி வாசல்

பிளையின் கடல் பயணம் முடிந்த விதம் பலருக்குத் தெரியாது. யோகோஹாமாவிலிருந்து வந்த 'ஓஷியானிக்' சான்பிரான்சிஸ்கோவை நெருங்கியபோது, கப்பலின் சுகாதாரச் சான்றிதழ் ஜப்பானிலேயே விட்டுப்போய்விட்டதாகப் பேச்சு கிளம்பியது. அடுத்த கப்பல் அதைக் கொண்டுவரும் வரை, அதாவது இரண்டு வாரம், யாரும் இறங்க முடியாது. அத்தனை நாள் ஓடியது அந்த ஒரு தாளால் வீணாகப் போகும் நிலை. தேடித் தேடி, கடைசியில் மருத்துவரின் மேசைக்குள் அகப்பட்டது.

1890 ஜனவரி 21 காலை பிளையை மட்டும் கொண்டுபோக ஓர் இழுவைப் படகு கப்பலை ஒட்டி வந்தது. அவர் தாவி இறங்கினார். பின்னாலேயே சாமானும் குரங்கும் இறங்கின. படகு நகரத் தொடங்கும் நேரத்தில், துறைமுக மருத்துவர் மேலேயிருந்து கத்தினார், உங்கள் நாக்கைப் பார்க்கவில்லை, பார்க்காமல் கரை இறங்கக் கூடாது என்று. பிளை படகிலிருந்தே அண்ணாந்து நாக்கை நீட்டினார். சரி, போகலாம் என்றார் மருத்துவர்.